அட்டையில் வெட்டுப்பட்ட பெயர்

அத்தியாயம் 17

சென்ற கிழமை ஜெயரூபன் புளியங்கூடலில் இருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினான். தன் அப்பாவின் தங்கை யோகம்மா மாமியைத் திருவிழாவுக்கு அழைக்கப் போனவன் அவன். மாமி தேத்தண்ணி கொடுத்தார், சுகம் விசாரித்தார். பிறகு தன் போனில் பத்திரமாக வைத்திருந்த மூன்று படங்களைக் காட்டி, அவற்றை அவனுடைய போனுக்கும் அனுப்பிவிட்டார்.

மூன்றும் ஒரே மாதிரியானவை. ஊர்ப் பிள்ளையார் கோயிலின் ஐந்தாம் திருவிழாவுக்கு ஒரு இணையப்பக்கம் உண்டு. அதன் இணைப்பை ஒவ்வொரு வருடமும் 'சரவணைச் சொந்தங்கள்' என்ற வட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். இணைப்போடு சின்னதாக ஒரு அட்டை வரும் அல்லவா, படமும் தலைப்புமாக? அதைத்தான் மாமி மூன்று வருடமும் படம் பிடித்து வைத்திருந்தார். தலைப்பில் அவருடைய அண்ணன் சிவபாதத்தின் பெயர் இருக்கிறது. யோகம்மாவின் பெயர் ஒன்றிலும் இல்லை.

அந்தத் திருவிழா அவர்களின் தகப்பன் கந்தையா ஐயாவின் உபயம். ஐயா கண்மூடிய பிறகு அண்ணன் தனியே எடுத்து நடத்தினார். தங்கை பங்கு கேட்டார். பேச்சு முற்றி, பதினொரு வருடமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. வருகிற ஞாயிறு ஐந்தாம் திருவிழா. அதற்கடுத்த புதன்கிழமை யோகம்மா மகள் பிரியவதனியோடு இருக்க ஒரேயடியாகக் கனடா போகிறார்.

"ஐயாவின்ரை திருவிழாவிலை எனக்குப் பேர் இல்லை. பேர் இல்லாத இடத்திலை எனக்கு என்ன வேலை?" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சிவபாதம் கேட்டுவிட்டுக் கொதித்தார். "மூண்டு வருசமா அவவின்ரை பேரும் போட்டனான். பேரைப் பாத்திட்டும் வராமல் இருந்தது அவ."

இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று சொந்தங்கள் முடிவு கட்டிவிட்டன. யார் என்பதில்தான் கனடாவுக்கும் லண்டனுக்கும் கருத்து வேறுபாடு. துஷாந்தி மட்டும் முடிவு கட்டவில்லை. அவள் வெள்ளிக்கிழமை காலை குசினி மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

துஷாந்தி சிவபாதத்தின் மருமகள், ஜெயரூபனின் மனைவி. தீவுகளில் உள்ளவர்களுக்கு இணையப்பக்கம் செய்து கொடுப்பது அவள் தொழில். நெடுந்தீவில் அறை வாடகைக்கு விடுபவரும், சாட்டியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரும், குறிகட்டுவானில் படகு ஓடும் யாகப்பு அண்ணையும் அவளுடைய வாடிக்கையாளர்கள். பக்கம் செய்ய இன்றைக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் அட்டையை அவளைப் போல் பார்க்க ஆள் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன்.

"வீட்டுக்குள்ளை வர முந்தி ஆக்கள் படலையைத்தானே பாக்கினம்" என்பாள்.

அந்த அட்டை வானத்திலிருந்து விழுவதில்லை. பக்கத்தின் தலைப்பகுதியில், வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மெட்டா வரிகள் என்று சில எழுதப்பட்டிருக்கும். இது தலைப்பு, இது படம், இது சுருக்கம் என்று அவை சொல்லும். வட்ஸ்அப்பும் முகநூலும் அந்த வரிகளை வாசித்துத்தான் அட்டை செய்கின்றன. பலர் அந்த வரிகளை ஏனோதானோ என்று விட்டுவிடுவார்கள். துஷாந்தி தன் போனில் பார்ப்பாள், கணவனின் பழைய போனில் பார்ப்பாள், அதற்கென்றே உள்ள சோதனைத் தளத்தில் பார்ப்பாள், பிறகும் திருப்தி வராமல் இன்னொரு முறை பார்ப்பாள். யாகப்பு அண்ணையின் படகு அட்டையில் அணியம் வெட்டுப்பட்டு வந்தபோது, "முன் இல்லாத படகிலை ஆர் பிள்ளை ஏறுவினம்?" என்று அவர் ஒரு தரம்தான் கேட்டார். அவள் ஐந்து தரம் மாற்றிப் படகை முழுதாக இருத்தினாள்.

திருவிழாப் பக்கத்தை இதுவரை செய்தவன் பாரிசில் இருக்கும் சொந்தக்காரப் பெடியன் சுலக்சன். இந்த வருடம்தான் அது அவள் கைக்கு வந்தது. இன்னும் குழுவில் போடவில்லை.

மாமியின் மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணில் முதலில் பட்டது கோபுரம். மூன்று வருடமும் கோபுரத்தில் கலசம் இல்லை. சுலக்சன் நெடிய படத்தைக் கொடுத்திருக்கிறான். அகலமான அட்டை மேலும் கீழும் வெட்டியிருக்கிறது. படத்தை வெட்டியது எழுத்தையும் சும்மா விட்டிருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. தலைப்பின் கடைசியைப் பார்த்தாள்.

அங்கே மூன்று புள்ளிகள் இருந்தன.

விறாந்தையில் சிவபாதம் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலமாக அதே பக்கம்.

"மாமா, தலைப்பு எண்டு சுலக்சனுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"சொல்லேல்லை. எழுதிக் குடுத்தனான். நான் எழுதினால் எழுதினதுதான்."

"ரெண்டு பேரும் இருந்ததோ?"

"பிள்ளை, நீரும் அவவின்ரை பக்கமோ?"

அவள் குசினிக்கு வந்து, போன வருடப் பக்கத்தின் உள் வரிகளைத் திறந்தாள். தலைப்பு வரி இருந்தது. வாசிக்க வாசிக்க முடிவே வரவில்லை, அவ்வளவு நீளம்.

ஐந்தாம் திருவிழா உபயம்: ஓய்வுநிலை அதிபர், சமாதான நீதவான், சைவப்புலவர் திரு. கந்தையா சிவபாதம் குடும்பத்தினரும், அவர்தம் அன்புச் சகோதரி ஓய்வுநிலை தபாலதிபர் திருமதி யோகம்மா இராசநாயகம் குடும்பத்தினரும்.

முந்திய வருடமும் இதே வரி. அதற்கு முந்திய வருடமும் இதே வரி. மாமா பொய் சொல்லவில்லை. மாமியும் பொய் சொல்லவில்லை. அட்டை 'சிவபாதம் குடும்' வரைக்கும் இடம் கொடுத்து, மூன்று புள்ளியை வைத்துவிட்டு நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு தங்கை மூன்று வருடமாக நின்றிருக்கிறார்.

துஷாந்தி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள்.

சிவபாதம் கண்ணாடியைப் போட்டு வரியைப் பார்த்தார். பிறகு மாமியின் படத்தைப் பார்த்தார். முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவர். இரண்டு தரம் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"அப்ப என்ரை பட்டங்கள்தான் அவவை வெளியிலை தள்ளினது."

"இடம் போதாமல் போச்சு மாமா."

"உதைத்தான் நானும் சொல்லுறன்." பேப்பரை மடித்தார். "நான் ஒரு பேரை எழுதினால் பட்டத்தோடைதான் எழுதுவன். அவவின்ரையையும் அப்பிடித்தான் எழுதினனான். ஆனா அவ உள்ளுக்கை போய்ப் பாத்திருக்கலாமே."

"மாமி இணைப்பு ஒண்டையும் தொடமாட்டா. தொட்டால் காசு போயிடும் எண்டு வங்கியிலை சொன்னவையாம்."

"வங்கி சொன்னதைக் கேப்பா. அண்ணன் சொன்னதைக் கேளா." சொல்லிவிட்டு அவரே சிரிக்காமல் எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விட்டார்.

துஷாந்தி கந்தோரில் இருந்த ஜெயரூபனுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"துஷா, அதை மாமிக்குப் போனிலை சொல்லாதையும். நம்பமாட்டா."

"தெரியும். நேரை போறன்."

மடிக்கணினியைப் பையில் வைத்து ஸ்கூட்டியில் மாட்டினாள். புளியங்கூடலுக்கு நாலு மைல். பதினொரு வருடத்தில் ஜெயரூபன் ஒருவன் மட்டும் போய்வந்த நாலு மைலைக் கால் மணித்தியாலத்தில் ஓடி முடித்தாள்.

மாமியின் வீட்டில் அலுமாரி திறந்து கிடந்தது. கட்டிலில் இரண்டு சூட்கேஸ். ஒன்றுக்குள் ஒடியல்மாவும் பனங்கட்டியும் பொதி பொதியாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பொதியிலும் உள்ளே என்ன, எத்தனை கிராம் என்று ஒட்டியிருந்தது. முப்பத்தொரு வருடம் தபால் கந்தோர் நடத்திய கை அப்படித்தான் கட்டும்.

"புருசன் வந்து பாத்து ஏலாமல் பெண்சாதியை அனுப்பினவையோ?" என்றார் யோகம்மா. "இரு பிள்ளை. நிண்டு கொண்டு கதையாதை."

துஷாந்தி சுற்றி வளைக்கவில்லை. உள் வரிகளைத் திறந்து மாமியின் முன்னால் வைத்தாள். அட்டை எப்படி உண்டாகிறது, எங்கே வெட்டும் என்று ஐந்து வசனத்தில் சொன்னாள். யோகம்மா மேலே இருந்து கீழே ஒரு தரம், விரலை வைத்து இன்னொரு தரம் வாசித்தார்.

"இதை நீ இண்டைக்கு விடிய எழுதியிருக்கலாம்."

இந்தச் சந்தேகம் வரும் என்று துஷாந்தி ஸ்கூட்டியில் வரும்போதே நினைத்திருந்தாள். இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். "இஞ்சை பாருங்கோ மாமி. இந்தக் கோப்பு ஏறின திகதியும் நேரமும். இதை நான் எழுதேல்லை, சேர்வர் குத்தினது. உங்கடை கந்தோரிலை கடிதத்துக்கு முத்திரை குத்திறமாதிரித்தான்."

யோகம்மா தன் போனை எடுத்தார். தான் பிடித்து வைத்திருந்த படங்களின் திகதிகளைத் தேடி, திரையில் உள்ள திகதிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மூன்று வருடமும் கோப்பு ஏறி இரண்டு நாளுக்குள் அவர் படம் பிடித்திருந்தார். அவசரப்படவில்லை. பதிவுத் தபாலைக் கையெழுத்து வாங்காமல் விடாத மனுசி, இதை மட்டும் விட்டுவிடுவாரா?

"சரி" என்றார் கடைசியில். "முத்திரை சரி."

அவருடைய விரல் திரும்பவும் அந்த நீள வரிக்குப் போய் ஓரிடத்தில் நின்றது.

"தபாலதிபர் எண்டு எழுதியிருக்கிறார்."

"ஓம் மாமி."

"நான் உத்தியோகத்துக்குப் போகேக்கை மூண்டு மாசம் என்னோடை கதைக்கேல்லை, தெரியுமோ? குடும்பத்துப் பொம்பிளை முத்திரை குத்தப் போறதோ எண்டு ஐயாவோடை சண்டை பிடிச்சவர்." விரலை எடுக்கவில்லை. "இப்ப தன்ரை கையாலை எழுதியிருக்கிறார்."

துஷாந்தி வேலை முடிந்தது என்றுதான் நினைத்தாள். பாவம், அவளுக்கு அண்ணன் தங்கை கணக்குத் தெரியாது. அவள் ஒரே பிள்ளை.

யோகம்மா நிமிர்ந்தார். "ஆனா ஒண்டு பிள்ளை. கடிதத்துக்குள்ளை என்ன எழுதினாலும், உறையிலை பேர் இல்லாட்டில் அது எனக்கு வந்த கடிதம் இல்லை. அதிபர், நீதவான், புலவர் எண்டு தன்ரை மூண்டையும் இறக்கி வைச்சிட்டுத்தானே என்னட்டை வந்திருக்கிறார்? வெட்டினது மிசின்தான். வெட்டுப்படுற இடத்திலை என்னை நிப்பாட்டினது ஆர்?"

துஷாந்தி மடிக்கணினியை மூடினாள்.

"ஞாயிற்றுக்கிழமை வருவியளோ மாமி?"

"சூட்கேஸ் ரெண்டும் இன்னும் நிறுக்கேல்லை" என்றார் யோகம்மா. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

துஷாந்தி வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. சிவபாதம் சாப்பிடாமல் காத்திருந்தார். காத்திருந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். சோறு போடப் போட அவள் நடந்ததைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வெட்டுப்படுற இடத்தில் நிற்பாட்டினது யார் என்று மாமி கேட்டதையும் அப்படியே சொன்னாள். இன்னொருத்தியாக இருந்தால் அந்த ஒரு வசனத்தை விழுங்கியிருப்பாள். இந்தப் பெண்ணை எனக்குப் பிடிப்பது இதனால்தான்.

சிவபாதம் பாதிச் சோற்றில் கை கழுவினார்.

அந்த நேரம் பார்த்து சோமாஸ்கந்தக் குருக்கள் போன் எடுத்தார். "ஞாயிற்றுக்கிழமைச் சங்கற்பத்துக்குப் பேர், நட்சத்திரம் எல்லாம் எழுதிவைக்க வேணும். ஒரு குடும்பமோ, ரெண்டு குடும்பமோ?"

"நாளைக்குச் சொல்லுறன் ஐயா" என்றார் சிவபாதம்.

போனை வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தார். "இந்த வருசப் பக்கம் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது மாமா. தலைப்பைக் கட்டையாப் போட்டிருக்கிறன். 'ஐந்தாம் திருவிழா உபயம்: சிவபாதம், யோகம்மா குடும்பங்கள்'. ரெண்டு பேரும் வடிவா நிக்கினம். கோபுரத்துக்குக் கலசமும் வந்திட்டுது."

உண்மையிலேயே வடிவாக இருந்தது. ஐந்து போனில் பார்த்தாலும் ஐந்திலும் நிற்கும். சிவபாதம் அதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "அதை அழிச்சுப்போடும்" என்றார்.

"ஏன் மாமா?"

"நான் சொல்லுறதை எழுதும். ஐந்தாம் திருவிழா உபயம். ஓய்வுநிலை தபாலதிபர் திருமதி யோகம்மா இராசநாயகம் குடும்பத்தினரும்…" நிறுத்தி, குரலைச் சரிப்படுத்திக்கொண்டார். "தீவகத்தின் முதற் பெண் தபாலதிபர்களில் ஒருவர் எண்டு பேருக்குப் பக்கத்திலை அடைப்புக்குள்ளை போடும். அது உண்மை. கடைசியிலை, அவர்தம் சகோதரன் சிவபாதம் குடும்பத்தினரும். பட்டம் ஒண்டும் வேண்டாம்."

துஷாந்தி எழுதினாள். எழுதும்போதே அவளுடைய கண் எழுத்துகளை எண்ணிவிட்டது.

"மாமா, இப்பிடிப் போட்டால் உங்கடை பேர் வெட்டுப்படும்."

"தெரியும்."

"அட்டையிலை வராது. மூண்டு புள்ளிதான் வரும்."

"தெரியும் எண்டு சொல்லுறனெல்லே. மூண்டு வருசம் அவ நிண்ட இடத்திலை நான் ஒரு நாள் நிக்கிறன். போடும்."

வெட்டுப்படும் என்று தெரிந்துகொண்டே ஒரு அட்டையை அந்தப் பெண் தன் கையால் செய்தது அன்றைக்குத்தான். கை கூசியது. ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. சோதனைத் தளத்தில் பார்த்தாள். போனில் போட்டபோது முதலில் பழைய அட்டையே வந்தது. ஒரு முறை பார்த்த இணைப்பைப் போன் ஞாபகம் வைத்திருக்கும். அதை மறக்கச் செய்ய இணைப்பின் வாலில் சின்னதாக ஒரு கேள்விக்குறியும் இலக்கமும் சேர்க்க வேண்டும். சேர்த்தாள். புதிய அட்டை வந்தது. கலசத்தோடு கோபுரம். யோகம்மாவின் பெயர் பட்டத்தோடு முழுதாக. அதன் பிறகு மூன்று புள்ளிகள்.

"நான் குழுவிலை போடட்டோ மாமா?"

"இஞ்சை தாரும். என்ரை போனிலை இருந்துதான் போகவேணும்."

ஒற்றை விரலால் தேடித் தேடி அழுத்தினார். நாலரை மணிக்கு அட்டை எண்பத்து நாலு பேரிடம் போனது.

லண்டனில் இருந்துதான் முதல் பதில் வந்தது. யாரோ கும்பிடு போட்டார்கள். யாரோ, 'பெரியப்பாவின் பெயரைக் காணவில்லையே, பிழையோ?' என்று கேட்டார்கள். சிவபாதம் பதில் எழுதவில்லை. பாரிசில் இருந்து சுலக்சன் தனியாகத் துஷாந்திக்கு எழுதினான்: 'அக்கா, தலைப்பு நீளம் கூடிப்போச்சு.' தம்பி இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான் என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

ஜெயரூபன் கந்தோரால் வந்து, உடுப்பு மாற்றாமல் விறாந்தைப் படியில் இருந்தான். ஐந்தரைக்கு யோகம்மா அட்டையைப் பார்த்துவிட்டதாகப் போன் காட்டியது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பதினொரு வருடமாக அந்தக் குழுவில் ஒரு சொல் எழுதாமலும், அதைவிட்டு வெளியேறாமலும் இருப்பவர் அவர். ஏன் வெளியேறவில்லை என்று இதுவரை ஒருவரும் யோசித்ததில்லை.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. துஷாந்தி சாமி அறைக்குப் போக எழுந்தாள். அப்போது சிவபாதத்தின் போன் சின்னதாக ஒலித்தது.

குழுவில், எண்பத்து நாலு பேர் பார்க்க, யோகம்மா எழுதியிருந்தார்.

'துஷாந்தி, அண்ணையின் பெயர் வெட்டுப்பட்டிருக்கு. திருத்திப் போட்டு இன்னொருக்கா அனுப்பு.'

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

சிவபாதம் அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். அண்ணை என்ற சொல்லை அவர் பதினொரு வருடமாகக் கேட்கவில்லை. கண் கலங்கியதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

துஷாந்தி அதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். கட்டையான தலைப்பு தயாராக இருக்கிறது. இரண்டு பெயரும் வடிவாக நிற்கும். ஒரு நிமிட வேலை.

"மாமா, மாத்தட்டோ?"

சிவபாதம் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"வேண்டாம் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது அப்பிடியே கிடக்கட்டும்" என்றார். "திருத்தச் சொல்லி அவ கோயிலுக்கு வந்து என்னட்டை நேரிலை சொல்லட்டும்."